மூன்று தூரங்கள், ஒரு கண்: மூக்குக் கண்ணாடியும் வியூஃபைண்டரும்

மூக்குக் கண்ணாடி அணிபவர் கேமராவின் வியூஃபைண்டரில் கண் வைக்கும்போது அதைக் கழற்றிவிடுவதா, போட்டபடியே பார்ப்பதா? இந்தக் கேள்விக்குத் தொண்ணூறு ஆண்டுகளாக வெவ்வேறு பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. 1933இல் வெளிவந்த லைக்கா III கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் துளையில், பார்ப்பவரின் கண்ணுக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. அதே நிறுவனம் 1954இல் எம்3 கேமராவைக் கொண்டுவந்தபோது அந்த ஏற்பாடு உடலோடு சேர்ந்து வரவில்லை. தேவைப்பட்டவர் திருத்த லென்ஸ் ஒன்றைத் தனியே வாங்கித் துளையில் திருகிக்கொள்ள வேண்டியிருந்தது. 1982இல் நிக்கான், கண்ணாடியைக் கழற்றத் தேவையில்லாத வியூஃபைண்டரை எஃப்3 கேமராவுக்காகச் செய்தது. 2008இல் பானசோனிக் ஜி1 வந்தபிறகு, ஒளி நேராக வரும் துளையின் இடத்தைச் சிறு மின்திரை பிடிக்கத் தொடங்கியது. கண் மருத்துவம் தன் பங்குக்குக் கண்ணையே மாற்றித் தர முன்வந்தது.

இந்தப் பதில்கள் எல்லாமே வியூஃபைண்டரில் பார்ப்பதை ஒரே செயலாக எடுத்துக்கொள்கின்றன. இருபது வயதில் அது ஒரே செயல்தான். ஐம்பத்தைந்து வயதில் அப்படியல்ல. படமெடுப்பவர் எதிரே உள்ள காட்சியைப் பார்க்கிறார், துளைக்குள் பார்க்கிறார், கேமராவின் முதுகிலுள்ள திரையையும் மேலுள்ள எண்களையும் படிக்கிறார். தொலைவு, ஏறக்குறைய ஒரு மீட்டர், நாற்பது சென்டிமீட்டர் என இவை மூன்று தூரங்கள். இளம் கண் இவற்றுக்கிடையே தானாகத் தாவுகிறது. மூத்த கண்ணால் அது முடிவதில்லை. ஒவ்வொரு பதிலையும் அந்தத் தாவலை எவ்வளவு எளிதாக்குகிறது என்று பார்த்தே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அப்படி அளந்தால், துளையைக் கண்ணுக்கேற்பத் திருத்தப் பலரும் முதலில் நம்பும் டயாப்டர் திருகுக்கு நாம் நினைப்பதைவிடக் குறைந்த பயன்தான் மிஞ்சுகிறது. கேமராக் கடைப் பேச்சில் அதிகம் அடிபடாத இன்னொரு அளவு முன்னுக்கு வருகிறது.

வெள்ளெழுத்தின் கணக்கு

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தன் வடிவத்தை மாற்றுவதால்தான் அருகிலும் தொலைவிலும் மாறிமாறித் தெளிவாகப் பார்க்க முடிகிறது என்பதை 1801இல் தாமஸ் யங் காட்டினார். இந்த ஏற்பமைவுத் திறன் வயதோடு படிப்படியாகக் குறைவதை நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரான்ஸ் டாண்டர்ஸ் 1864இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். அதை அளக்கும் டயாப்டர் என்னும் அலகை 1872இல் மொனோயே முன்வைத்தார். ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பதைப் பார்க்க 1 டயாப்டர் திறன் வேண்டும். நாற்பது சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்தைப் படிக்க 2.5 வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றி ஹாஃப்ஸ்டெட்டர், பழைய தரவுகளைச் சேர்த்துப் பார்த்து எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தார். வயதை 0.3ஆல் பெருக்கி 18.5இலிருந்து கழித்தால் சராசரித் திறன் கிடைக்கும். அதன்படி 45 வயதில் 5 டயாப்டர், 55இல் 2, 60இல் வெறும் 0.5.

உள்ள திறனில் பாதியைத்தான் அலுப்பில்லாமல் தொடர்ந்து செலவிட முடியும் என்பது கண் பரிசோதனையில் கையாளப்படும் பொதுவிதி. படிப்பதற்கு 2.5 வேண்டுமென்றால் 5 டயாப்டர் இருப்பு வேண்டும். அது 45 வயதில் தீர்கிறது. வாசிப்புக் கண்ணாடி அந்த வயதில் வந்துசேர்வது இதனால்தான். வியூஃபைண்டரின் கணக்கு வேறு. துளை கண்ணுக்கு ஒட்டினாற்போல் இருந்தாலும், அதிலுள்ள லென்ஸ் பிம்பத்தைத் தள்ளிக் காட்டுகிறது. பெரும்பாலான எஸ்எல்ஆர் கேமராக்களில் அது இயல்பாக −1 டயாப்டரில் அமைந்திருக்கும். அதாவது ஒரு மீட்டர் தள்ளி. லைக்கா எம் வரிசையில் −0.5; அதாவது இரண்டு மீட்டர். ஒரு மீட்டருக்கு 2 டயாப்டர் இருப்பு போதும். அது 55 வயதுவரை நீடிக்கிறது. லைக்காவில் இன்னும் மூன்று ஆண்டுகள் கூடுதலாகத் தாங்கும். இவை சராசரிகள்தாம். தூரப்பார்வைக் குறையைக் கண்ணாடியால் திருத்தாமல் விட்டவர்களுக்கு முன்னதாகவே தொல்லை தொடங்கும். வெப்பநாடுகளில் வெள்ளெழுத்து சற்று முந்தி வருவதாகவும் பல பதிவுகள் உண்டு.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. மூன்று தூரங்களும் ஒரே நாளில் கைநழுவிப் போவதில்லை. கேமரா முதுகிலுள்ள திரை முதலில் மங்குகிறது. துளைக்குள் இருக்கும் பிம்பம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே மங்குகிறது. தொலைவிலுள்ள காட்சி, வேறு குறையில்லாதவருக்கு மங்குவதே இல்லை. 47 வயதுக்காரரின் தேவையும் 62 வயதுக்காரரின் தேவையும் ஒன்றல்ல. "வயதான கண்ணுக்கு ஏற்ற வியூஃபைண்டர்" என்று பொதுப்படச் சொல்லும் அறிவுரைகள் சறுக்குவது இந்த வேறுபாட்டைப் பாராததால்தான்.

துளையில் திருத்துவது

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதன் வேலையைத் துளையிலேயே செய்துகொள்ளலாம் என்பது மிகப் பழைய பதில். திருகி மாட்டும் லென்ஸ்கள் நெடுங்காலம் இதைச் செய்தன. பிறகு 1983இல் ஒலிம்பஸ் ஓஎம்-4, 1988இல் நிக்கான் எஃப்4 ஆகியவற்றில் திருத்தும் வசதி உடலுக்குள்ளேயே வந்தது. இன்று டயாப்டர் திருகு இல்லாத நல்ல கேமரா அரிது. இதன் பலங்கள் உண்மையானவை. கண் துளையோடு ஒட்டி நிற்பதால் சட்டகத்தின் நான்கு மூலைகளும் தெரிகின்றன. பக்கவாட்டு ஒளி புகுந்து பிம்பத்தை வெளிறச் செய்வதில்லை. கண்ணாடியில் கீறல் விழாது.

இந்தப் பதில் யாருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது கண்ணின் வகையைப் பொறுத்தது. தொலைவை வெறுங்கண்ணால் தெளிவாகப் பார்ப்பவர், அதாவது படிப்பதற்கு மட்டும் கண்ணாடி தேவைப்படுபவர், இதனால் நன்றாகப் பயனடைவார். அவருக்குத் தேவை, −1இல் இருக்கும் துளையைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே. இங்கே ஒரு தவறு பரவலாக நடக்கிறது. வாசிப்புக் கண்ணாடியின் எண் +2 என்பதால் துளைக்கும் +2 வேண்டும் என்று எண்ணி வாங்குகிறார்கள். வியூஃபைண்டருக்கு வேண்டியது தொலைவுப் பார்வையின் எண்; வாசிப்பு எண்ணுக்கு இங்கே வேலையில்லை. எண்ணிடும் முறையும் குழப்பத்தைக் கூட்டுகிறது. நிக்கானின் திருத்த லென்ஸ்களில் அச்சிட்டிருப்பது லென்ஸும் துளையும் சேர்ந்த மொத்தத் திறன். லைக்காவில் லென்ஸின் தனித்திறன்தான் எண்ணாகிறது, துளையின் −0.5ஐ வாங்குபவர்தான் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே கண்ணுக்கு இரு நிறுவனங்களிலும் ஒரே எண்ணைக் கேட்டு வாங்கினால் ஒன்று பிழையாகத்தான் அமையும்.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, அதாவது தொலைவுக்குக் கண்ணாடி தேவைப்படுபவர்களுக்கு, இந்தப் பதில் பாதிதான் உதவுகிறது. −2.5 கண்ணாடியைக் கழற்றி, திருகை −2.5க்குக் கொண்டுவந்தால் துளைக்குள் தெளிவு கிடைக்கும். கேமரா முதுகுத் திரையும் நாற்பது சென்டிமீட்டரில் வெறுங்கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். போய்விடுவது தொலைவு. துளையிலிருந்து கண்ணை எடுத்த கணமே எதிரே இருப்பவர் யார், அடுத்து என்ன நடக்கப் போகிறது என்பது மங்கிவிடுகிறது. மலர்களையோ கட்டடங்களையோ ஆற அமரப் படமெடுப்பவருக்கு இது பெரிய இழப்பல்ல. தெருவிலும் திருமணத்திலும் விளையாட்டுத் திடலிலும் படமெடுப்பவர், படம் எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரத்தைத் துளைக்கு வெளியே பார்ப்பதில் செலவிடுகிறார். அவருக்கு இது தொழிலையே முடக்கும் இழப்பு.

சிலிண்டர் பவர், அதாவது திசைக்குத் திசை அளவு மாறும் பார்வைக் குறை, உள்ளவர்களின் நிலை இன்னும் கடினம். கேமராவின் திருகு எல்லாத் திசையிலும் ஒரே அளவான திறனை மட்டுமே மாற்றும்; சிலிண்டர் குறையை அது தொடுவதே இல்லை. கண்ணாடிக் கடையில் சிலிண்டர் லென்ஸ் ஒன்றைத் தனியே தேய்த்துத் துளையில் பொருத்திக்கொள்ளலாம் என்பதும் பழைய யோசனைதான். கேமராவைக் கிடையாகப் பிடிக்கும்வரை அது வேலை செய்யும். நெடுக்குப் படத்துக்காகக் கேமராவைத் திருப்பினால் லென்ஸின் அச்சும் 90 பாகை திரும்பிவிடுகிறது. கண்ணின் அச்சு திரும்புவதில்லை. அப்போது குறை திருந்துவதற்குப் பதிலாக இருமடங்காகிறது. ஒரு டயாப்டர் சிலிண்டர் குறை இரண்டு டயாப்டர் குறையாகத் தெரியும். மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடிக்கு இந்தச் சிக்கல் கிடையாது, ஏனென்றால் அது தலையோடு நிற்கிறது. வயதோடு சிலிண்டர் குறையின் அச்சு மெல்ல மாறுவதும் கண்ணியலில் நன்கு பதிவானது. ஒருமுறை செய்து பொருத்திய லென்ஸ் நெடுங்காலத்துக்குச் சரியாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

திருகின் வீச்சிலும் ஒரு சாய்வு தெரிகிறது. எஸ்எல்ஆர் கேமராக்கள் பலவற்றில் −3 முதல் +1 வரைதான் உண்டு. கிட்டப்பார்வை உள்ள இளைஞர்களுக்கு இது தாராளம். ஆனால் நடுவயதுக்குப் பிறகு பலரின் கண்கள் மெல்லப் பிளஸ் பக்கம் நகர்கின்றன. தொலைவுக்கே +2 தேவைப்படும் அறுபது வயதுக்காரருக்கு +1இல் நின்றுவிடும் திருகு போதாது. சோனியின் மிரர்லெஸ் கேமராக்கள் பல +3 வரை போகின்றன; இந்த நீட்சி வரவேற்கத்தக்கது.

கண்ணைத் தள்ளி வைப்பது

இரண்டாவது பதில் கண்ணாடியைத் தொடுவதில்லை. கண்ணாடியின் லென்ஸ் கருவிழிப் படலத்திலிருந்து சுமார் 12 முதல் 14 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸின் தடிப்பையும் துளையைச் சுற்றிய ரப்பர் வளையத்தையும் சேர்த்தால், கண் துளையிலிருந்து இருபது மில்லிமீட்டர் அளவுக்குத் தள்ளிப் போய்விடுகிறது. சன்னலிலிருந்து பின்வாங்கினால் தெருவின் ஓரங்கள் மறைவதுபோல, தள்ளி நிற்கும் கண்ணுக்குச் சட்டகத்தின் மூலைகள் மறைகின்றன. கண் எவ்வளவு தூரம்வரை தள்ளி நின்றால் முழுச் சட்டகமும் தெரியும் என்பதைச் சொல்லும் அளவே ஐபாயிண்ட். நிக்கான் டி850இல் அது 17 மில்லிமீட்டர். தடித்த கண்ணாடி அணிந்தவர் கேமராவைச் சற்று இப்படியும் அப்படியும் நகர்த்தித்தான் ஓரங்களைப் பார்க்க முடியும்.

1980இல் வந்த நிக்கான் எஃப்3க்கு 1982இல் ஹெச்பி என்ற உயர் ஐபாயிண்ட் வியூஃபைண்டர் வந்தது. 25 மில்லிமீட்டரில் முழுச் சட்டகமும் தெரிந்தது. அதற்குத் தந்த விலை, உருப்பெருக்கம் 0.8இலிருந்து 0.75ஆகக் குறைந்ததும் வியூஃபைண்டர் பருத்ததும்தான். தலைக்கவசமும் காப்புக் கண்ணாடியும் அணிந்து படமெடுப்பவர்களுக்காக 60 மில்லிமீட்டர் ஐபாயிண்ட் கொண்ட ஆக்‌ஷன் ஃபைண்டரும் அதே கேமராவுக்கு இருந்தது. நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும் என்பது ஒளியியலின் விதியல்ல, வடிவமைப்பவரின் தேர்வு என்பதற்கு அதுவே சான்று. தேர்வுக்கு எல்லை உண்டு, உண்மைதான். பெரிய பிம்பமும் நீண்ட ஐபாயிண்டும் ஒருசேர வேண்டுமென்றால் கண்ணருகு லென்ஸ் பெரிதாக வேண்டும். எஸ்எல்ஆரில் அதோடு பென்டாபிரிசமும் பெரிதாக வேண்டும். எடையும் விலையும் ஏறும். 1972இல் ஒலிம்பஸ் ஓஎம்-1 சிறிய உடலுக்குள் 0.92 மடங்கு பிம்பத்தைக் காட்டியது பெரும் சாதனை. கண்ணாடி போட்டவருக்கு அந்தப் பெரிய பிம்பத்தின் ஓரங்கள் எளிதில் கிட்டவில்லை.

இங்கே எழும் மறுப்பு வலுவானது. மூத்த கண்ணுக்குப் பெரிய பிம்பமல்லவா வேண்டும்? உருப்பெருக்கத்தைக் குறைத்து ஐபாயிண்டை நீட்டுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகாதா? எண்களை நிறுத்துப் பார்ப்போம். 0.8க்கும் 0.75க்கும் இடையே பிம்பத்தின் நீளத்தில் உள்ள வேறுபாடு சுமார் 6 விழுக்காடு. மூலைகள் தெரியாமல் போனால் அந்த மூலையில் இருப்பது முழுவதுமாகப் போகிறது. மேலும், சரியான கண்ணாடி அணிந்த, நோயில்லாத அறுபது வயதுக் கண்ணின் கூர்மை பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கிறது. குறைவது வேறு. பாவை சுருங்குவதாலும் லென்ஸ் மஞ்சளாவதாலும், அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி இருபது வயதில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் என்பது கண்ணியலில் நெடுங்காலமாக வழங்கும் மதிப்பீடு. அந்தக் கண்ணுக்கு முதலில் வேண்டியவை வெளிச்சமும் தெளிவும். பிம்பத்தின் பெருக்கம் அடுத்ததுதான். எனவே மறுப்பில் ஓரளவு உண்மை இருந்தாலும் அது ஐபாயிண்டைப் பின்னுக்குத் தள்ளும் அளவுக்கு வலுவானதல்ல.

ஐபாயிண்டின் உண்மையான மதிப்பு புரோகிரசிவ் லென்ஸ் அணிந்தவரிடம்தான் தெரிகிறது. 1959இல் ஃபிரான்சில் பெர்னார்ட் மைத்னாஸ் உருவாக்கிய வேரிலக்ஸ் விற்பனைக்கு வந்ததிலிருந்து, மேலே தொலைவும் கீழே வாசிப்பும் இடையில் படிப்படியான மாற்றமும் கொண்ட இந்த லென்ஸ் பரவியது. இதைப் போட்டபடி காட்சியைப் பார்க்கலாம். பார்வையைத் தாழ்த்தித் திரையைப் படிக்கலாம். துளைக்குள் நேராகப் பார்க்கும்போது கண் தொலைவுப் பகுதியின் வழியேதான் பார்க்கிறது. அப்பகுதி தொலைவைத் தெளிவாக்கும். ஆனால் துளையின் பிம்பம் ஒரு மீட்டரில் நிற்கிறது. ஏற்பமைவுத் திறன் தீர்ந்த கண்ணுக்கு அங்கே ஒரு டயாப்டர் மங்கல் மிஞ்சும். கண்ணாடிதான் எல்லாவற்றையும் திருத்துகிறதே என்று நம்பித் திருகைத் தொடாமல் விடுகிறவர்கள் இந்த மங்கலைக் கேமராவின் குறையாக எண்ணிக்கொள்கிறார்கள். திருகைச் சுழியத்துக்கு நகர்த்தினால் போதும். மூன்று தூரங்களும் ஒரே கண்ணாடிக்குள் அடங்கிவிடும். திருகை முதலில் பிளஸ் கோடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெல்லத் திரும்பிவந்து, ஃபோகஸ் புள்ளிகளோ எழுத்துகளோ முதன்முதலில் தெளியும் இடத்தில் நிறுத்துவதுதான் முறை. மைனஸ் பக்கத்திலிருந்து தொடங்கினால் கண்ணில் மிஞ்சியிருக்கும் ஏற்பமைவு இடையே புகுந்து ஏமாற்றிவிடும். ஆகவே திருகும் ஐபாயிண்டும் ஒன்றையொன்று விலக்கும் போட்டியாளர்கள் அல்ல. கண்ணாடியைக் கழற்றவைக்கும் கருவியாக வந்த திருகு, கண்ணாடியோடு சேர்ந்து உழைக்கும்போதுதான் மூத்த கண்ணுக்கு அதிகம் பயன்படுகிறது.

புரோகிரசிவ் லென்ஸிலும் குறை இல்லாமலில்லை. பெரிய பிம்பம் கொண்ட வியூஃபைண்டரில் நெடுக்குச் சட்டகத்தின் அடி ஓரத்தைப் பார்க்கக் கண் சுமார் 18 பாகை கீழே திரும்ப வேண்டும். அப்போது பார்வை கண்ணாடியில் நடுப்புள்ளிக்கு 8 மில்லிமீட்டர் கீழே, வாசிப்புப் பகுதிக்குப் பாதி வழியில் விழுகிறது. மேல் பாதி தெளிவாகவும் கீழ்ப் பாதி சற்று மங்கலாகவும் தெரிவது இதனால்தான். தொலைவுக்கு மட்டுமான ஒற்றைப் பவர் கண்ணாடியைப் படமெடுப்பதற்கென்று வைத்திருப்பவர்கள் இதிலிருந்து தப்புகிறார்கள். அவர்கள் திரையைப் படிக்கும் வசதியை இழக்கிறார்கள்.

ரேஞ்ச்ஃபைண்டரின் தனி வழக்கு

லைக்கா எம் வகைக் கேமராவில் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. எஸ்எல்ஆரில் காட்சி ஒரு திரையின் மேல் விழுவதால் எல்லாமே ஒரே தளத்தில் நிற்கின்றன. ரேஞ்ச்ஃபைண்டரில் கண் காட்சியை நேராகவே பார்க்கிறது. சட்டகக் கோடுகள் ஒரு தூரத்திலும், அருகிலுள்ள பொருள் இன்னொரு தூரத்திலும் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். 0.72 மடங்கு வியூஃபைண்டரில் ஒரு மீட்டரில் இருக்கும் முகத்துக்கும் கோடுகளுக்கும் இடையே இந்த வேறுபாடு ஏறத்தாழ அரை டயாப்டர். இளம் கண் கவனிக்காத அளவு இது. ஏற்பமைவு இல்லாத கண்ணுக்கு எல்லைக்கோட்டில் நிற்கும் அளவு.

உருப்பெருக்கத்துக்கும் ஓரங்களுக்கும் இடையிலான இழுபறியும் இங்கே கூர்மையானது. எம்3இன் 0.91 மடங்கு துளையில் 50 மில்லிமீட்டர் சட்டகம் அழகாகப் பெரிதாகத் தெரியும். அதைவிட அகன்ற லென்ஸ்களுக்குச் சட்டகக் கோடே அதில் இல்லை. 1957இல் வந்த எம்2 அதை 0.72ஆகக் குறைத்து 35 மில்லிமீட்டருக்கு இடம் தந்தது. பின்னாளில் சேர்ந்த 28 மில்லிமீட்டர் கோடுகள் கண்ணாடி அணிந்தவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. 2000 வாக்கில் எம்6 டிடிஎல் 0.58, 0.72, 0.85 என மூன்று வகைகளில் கிடைத்தது. கண்ணாடி அணிந்து அகன்ற லென்ஸ் மாட்டுபவருக்கு 0.58 பெரிய ஆறுதல். ஆனால் ஃபோகஸ் துல்லியம், ரேஞ்ச்ஃபைண்டரின் இரு சாளரங்களுக்கு இடையிலான சுமார் 69 மில்லிமீட்டரை இந்த எண்ணால் பெருக்கி வரும் அளவைப் பொறுத்தது. 0.72இல் அது சுமார் 50 மில்லிமீட்டர், 0.58இல் 40. ஓரங்களுக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்கும் இந்த நிலைக்கு ஒளியியலுக்குள் தீர்வு காணப்படவில்லை. 2025இல் வந்த லைக்கா எம் ஈவி1, ரேஞ்ச்ஃபைண்டரை விட்டு மின்திரைக்கு மாறியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

இயந்திரத்திடம் ஒப்படைப்பது

கண் தெளிவாகப் பார்க்கத் தவறினாலும் படம் தெளிவாக வரலாம் என்ற பதிலை 1977இன் கோனிகா சி35 ஏஎஃப், 1985இன் மினோல்டா 7000 ஆகியவை நடைமுறையாக்கின. ஆட்டோஃபோகஸ் பல்லாயிரம் மூத்த படக்காரர்களைத் தொழிலில் நீடிக்க வைத்தது என்பதில் ஐயமில்லை. இருந்தும் எதை ஃபோகஸ் செய்வது, முகத்தில் என்ன உணர்வு ஓடுகிறது, ஓரத்தில் என்ன நுழைகிறது என்பவற்றைக் கண்தான் பார்த்தாக வேண்டும். கண் நோக்கும் இடத்தை அறிந்து ஃபோகஸ் செய்யும் முறையை கேனான் 1992இல் ஈஓஎஸ் 5இல் தந்து, 2021இல் ஆர்3இல் மீட்டுவந்தது. கண்ணின் பிரதிபலிப்பைப் படித்து இயங்குவதால் கண்ணாடி அணிந்தவர்களிடம் அது எப்போதும் ஒரே சீராக இயங்குவதில்லை. ஆட்டோஃபோகஸ் வருகையின் பக்கவிளைவு ஒன்றையும் சொல்ல வேண்டும். பிற்கால எஸ்எல்ஆர்களின் ஃபோகஸ் திரைகள் வெளிச்சத்துக்காக வடிவமைக்கப்பட்டவை, எஃப்/1.4 லென்ஸின் மெல்லிய தெளிவாழத்தை அவை உண்மையாகக் காட்டுவதில்லை. கையால் ஃபோகஸ் செய்து தவறுபவர் தன் வயதை நொந்துகொள்கிறார். தவறு திரையுடையதாகவும் இருக்கலாம்.

திரைக்குள் வந்த மூன்றாவது தூரம்

மின்திரை வியூஃபைண்டர் பற்றிய விவாதம் நெடுநாள் அதன் தெளிவைச் சுற்றியே நடந்தது. 2008இன் ஜி1இல் ஒரு பாகைக்கு 30க்கும் குறைந்த புள்ளிகளே இருந்தன. 2020இல் சோனி ஏ7எஸ் III, 0.9 மடங்கு பிம்பத்தில் 2048 புள்ளி அகலத் திரையைத் தந்தபோது அது பாகைக்கு 57ஐத் தொட்டது. 6/6 பார்வை பிரித்தறியும் எல்லை பாகைக்குச் சுமார் 60. ஆக, தெளிவு என்னும் குற்றச்சாட்டு இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது. இருட்டில் பிம்பத்தைப் பிரகாசமாக்குவதும், ஃபோகஸ் பகுதியைப் பெருக்கிக் காட்டுவதும் மங்கிய கண்ணுக்கு நேரடி உதவிகள்.

என் மதிப்பீட்டில் இவற்றைவிடப் பெரிய உதவி வேறு. எடுத்த படத்தையும் மெனுவையும் அளவுகளையும் துளைக்குள்ளேயே பார்க்க முடிகிறது. நாற்பது சென்டிமீட்டரில் படிக்க வேண்டியிருந்தவை ஒரு மீட்டருக்குப் பெயர்ந்துவிட்டன. முதலில் மங்கும் தூரம் அந்த நாற்பது சென்டிமீட்டரே என்பதால், 47 வயதுக்காரருக்கே இது பயன் தருகிறது. வாசிப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கும் தேவை குறைகிறது. கேமரா முதுகுத் திரையை மட்டுமே நம்பிப் படமெடுப்பது இதற்கு நேரெதிர்: வேலை முழுவதையும் கண்ணுக்கு மிகக் கடினமான தூரத்துக்குக் கொண்டுபோகிறது, புரோகிரசிவ் அணிந்தவர் முகவாயைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது, வெயிலில் அதுவும் எடுபடுவதில்லை. போலரைஸ்டு குளிர்கண்ணாடி அணிந்தவருக்குச் சில திரைகள் ஒரு கோணத்தில் கறுத்தே போய்விடும்.

ஐபாயிண்டின் இழுபறிக்கும் மின்திரை ஒரு வழி திறந்தது. பானசோனிக் ஜி9இல் ஒரு பொத்தானை அழுத்தினால் பிம்பம் 0.83, 0.77, 0.7 மடங்குகளுக்கு இடையே மாறும். கண்ணாடி அணிந்தவர் சிறிய பிம்பத்தைத் தேர்ந்து நான்கு மூலைகளையும் பெறலாம். புள்ளிகள் சில வீணாகின்றன. ஆனால் தேர்வு பார்ப்பவரின் கையில் இருக்கிறது. கண்ணாடிப் பிரிசம் தர முடியாத சலுகை இது.

கண்ணையே மாற்றுவது

காண்டாக்ட் லென்ஸ் அணிந்தால் துளைக்கும் கண்ணுக்கும் இடையே எதுவும் நிற்பதில்லை. சிலிண்டர் குறையும் திருந்தும். நெடுக்குப் படத்திலும் சிக்கலில்லை. மூத்த கண்ணில் கண்ணீர் வறட்சி மிகுதி என்பதால் எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை. ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மறு கண்ணை வாசிப்புக்கும் ஒதுக்கும் மோனோவிஷன் முறை, படமெடுப்பவருக்கு விந்தையான விதத்தில் பொருந்துகிறது. அவர் ஏற்கெனவே ஒற்றைக் கண்ணால் பார்க்கப் பழகியவர். எந்தக் கண் துளைக்குப் போகிறது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கண்புரை அறுவையில் இந்தத் தேர்வு நிரந்தரமாகிறது. 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி தொடங்கிவைத்த உள்விழி லென்ஸ், 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் அரோலேப் அதை மலிவாகச் செய்யத் தொடங்கியபின் எளியவர்களுக்கும் எட்டியது. பெரும்பாலோருக்குப் பொருத்தப்படுவது ஒரே தூரத்துக்கான லென்ஸ். அதற்கு ஏற்பமைவு கிடையாது. தொலைவுக்கு வைத்தால் துளை சுழியத்தில் தெளியும். வாசிப்புக்கு வைத்தால் தொலைவுக்குக் கண்ணாடி வேண்டும். பல தூர லென்ஸ்கள் ஒளியைப் பங்கிடுவதால் மாறுபாடு குறைகிறது. இரவு விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவதாகச் சொல்வோர் உண்டு. மங்கிய அரங்குகளில் படமெடுப்பவர் இதைச் சிந்தித்தே முடிவெடுக்க வேண்டும். மஞ்சளான பழைய லென்ஸ் நீங்கியபின் நிறங்கள் நீலம் கூடித் தெரிவதும், வண்ணம் திருத்துபவர் எதிர்பார்த்திருக்க வேண்டியது.

இன்னும் தீராதவை

தொலைவுக்கு வெறுங்கண் போதுமானவருக்குத் திருகும் மின்திரையும் சேர்ந்து ஏறக்குறைய நிறைவான விடை தந்துவிட்டன. சிலிண்டர் குறையோ நிலையான தொலைவுக் கண்ணாடியோ உள்ளவருக்குக் கண்ணாடியைப் போட்டபடி, நீண்ட ஐபாயிண்டோடு, திருகைச் சுழியத்தில் வைத்துப் பார்ப்பதே இப்போதைக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. கிட்டப்பார்வை மட்டும் உள்ளவர் இரு வழிகளில் எதையும் எடுக்கலாம்; அது அவர் எதைப் படமெடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

நிறுவனங்கள் தரும் எண்களை வைத்து இந்தத் தேர்வைச் செய்ய முடியுமா என்பது தெளிவாகவில்லை. ஏ7எஸ் IIIஇன் ஐபாயிண்ட் லென்ஸிலிருந்து அளந்தால் 25 மில்லிமீட்டர். சட்ட விளிம்பிலிருந்து அளந்தால் 21. கண்ணாடி இடிப்பது விளிம்பில்தான். ஆயினும் விளம்பரத்தில் முன்னிற்பது பெரிய எண். ரப்பர் வளையத்தின் தடிப்பு எந்த எண்ணிலும் தெளிவாகத் தெரிவதில்லை. உருப்பெருக்க எண்ணும் இப்படித்தான். ஏபிஎஸ்-சி கேமராவின் 0.95 மடங்கை 1.5ஆல் வகுத்தால்தான் முழுச்சட்டகக் கேமராவோடு ஒப்பிட முடியும். −1 டயாப்டரில் அளந்த இந்த எண்கள், +2க்குத் திருகிய துளையில் எவ்வளவு மாறும் என்பது விவரப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. புரோகிரசிவ் லென்ஸின் எந்தப் பகுதி துளைக்கு நேரே வருகிறது என்பது முகத்துக்கு முகம், சட்டத்துக்குச் சட்டம் மாறும். அதைக் கண்ணாடிக் கடையில் கேமராவைக் கையில் பிடித்து அளக்கும் வழக்கம் வந்தால் பல சிக்கல்கள் தீரக்கூடும். சிலிண்டர் குறையை மின்திரையின் முன்னால் திருத்தி, கேமரா திரும்பும்போது அச்சையும் தானே திருப்பும் துளை ஒன்றை எவரும் விற்பனைக்குக் கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அறியும் உணரி இப்போதே உள்ளே இருப்பதால், மீதமிருப்பது சுழலும் லென்ஸுக்கான இடமும் செலவும்தான்.